ஒரே நாளில் உழுது மட்டமடிக்கப் போனால்: புல்லுக்காணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருந்துகொண்டு, ஹோமாகமவுக்கு அங்கால் ஒரு துண்டுக் காணி வாங்கிப் போட்டவர்கள் எங்களில் நிறையப் பேர். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காமல் விட்டால் புல் இடுப்பளவுக்கு வந்துவிடும். பிறகு ஒரு போயா நாளில் உழவு இயந்திரத்தைப் பிடித்து, காலையில் உழுது, மத்தியானம் மட்டமடித்து, பின்னேரத் தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவோம். இயந்திரத்துக்கு மணித்தியாலக் கூலி, லொறியில் ஏற்றி இறக்கத் தனிக் கூலி. இரண்டாம் முறை கூப்பிட யாருக்கு மனம் வரும்? கீழே சொல்லப்போகும் பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒரே நாள் கணக்கில் பிறந்தவைதான். எனக்கும் அதே கதை.

என் காணி 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். புல்லை வெட்டாமலே ரொட்டவேற்றரை, அதாவது சுழலும் கத்திகளால் மண்ணைக் கிண்டும் கருவியை, இறக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் நீளப் புல் முழுக்க சுழல்தண்டில் கயிறுபோலச் சுற்றிக்கொண்டது. சாரதி என்ஜினை நிறுத்தி, கீழே படுத்து, கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தார். அரை மணித்தியாலக் கூலி அதிலேயே போனது. (என்ஜினை நிறுத்தாமல் காலால் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. பின்பக்கத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. சாரத்தின் நுனி பட்டால் போதும், ஆளையே இழுத்துவிடும்.) முதலில் புல்வெட்டி மெசினால் கணுக்கால் அளவுக்கு வெட்டி, வெட்டியதை வாரி ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இயந்திரத்துக்கு வேலை.

ஆனால் பெரிய பிழை அதுவல்ல. அன்று மாலை காணி மாவரைத்ததுபோல அழகாகக் கிடந்தது. மூன்று கிழமை கழித்துப் போனால் முழுக்கப் பச்சை. கிளிநொச்சியில் வயல் செய்யும் சித்தப்பா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: “தம்பி, நீ புல்லை அழிக்கேல்லை, பதியம் போட்டிருக்கிறாய்.”

அவர் சொன்னது சரி. இலுக்கு, இஞ்சிப்புல், அறுகு, கோரை எல்லாம் மண்ணுக்குள் கிழங்கோ தண்டோ ஓடவிட்டு வளர்பவை. ரொட்டவேற்றர் அவற்றைக் கொல்லாது. துண்டு துண்டாக நறுக்கிக் காணி முழுக்கப் பரப்பிவிடும். கணு உள்ள துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடி. கொழும்பின் ஈரத்தில் அவை காய்வதற்கு வழியும் இல்லை.

ஆகவே வரிசை வேறு. முதலில் வட்டத் தட்டுகள் பூட்டிய தட்டுக் கலப்பையால் புல்வேர் மேலே வரும்படி புரட்டிப்போட வேண்டும். பழைய தென்னங்காணி, றப்பர் காணியென்றால் தட்டு இன்னும் நல்லது. வேரும் கல்லும் வந்தால் தட்டு ஏறி உருண்டு போகும், ரொட்டவேற்றரின் கத்தி உடையும். இரண்டு மூன்று கிழமை வெயிலில் காயவிட்டு, கூரான கொழுக்கள் வரிசையாக உள்ள கொழுக் கலப்பையால் குறுக்கே ஒருமுறை இழுத்தால் வேர்கள் சிக்குச் சிக்காக மேலே வரும். அவற்றை முள்வாரியால் வாரி எடுத்துக் காயவைத்துவிடுங்கள், கானுக்குள் எறியாதீர்கள். இஞ்சிப்புல் தண்ணீருக்குள்ளேயே வளரும், பக்கத்துக் காணிக்காரரும் உங்களைத்தான் திட்டுவார். ரொட்டவேற்றர் கடைசி ஆள். அதுவும் மெதுவான கியரில், முதல் ஓட்டம் இரண்டு மூன்று அங்குலம், அடுத்தது ஐந்து ஆறு. இறுகிய தரையில் ஒரேயடியாக ஆழம் வைத்தால் கத்திகள் மண்ணைக் கிண்டாமல் இயந்திரத்தையே முன்னுக்குத் தள்ளும். கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரென்றால் கையைப் பிய்த்துக்கொண்டு பாயும்.

லாண்ட்மாஸ்டர் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 10 பேர்ச் என்பது ஏறக்குறைய 2,700 சதுர அடி. அதற்குள் 45 குதிரைவலு இயந்திரம் உழுவதைவிடத் திரும்புவதுதான் அதிகம். திரும்பிய இடமெல்லாம் மண் இறுகும், மதில் ஓரம் உழாமல் கிடக்கும். சின்னத் துண்டுக்குச் சின்ன மெசின்.

எப்போது உழுவது? சித்தப்பாவின் கணக்கு வன்னிக் கணக்கு: மழை விழுந்து மண் இளகியதும் இறங்கு. இங்கே அது சரிவராது. கொழும்புக்கு வருடத்தில் 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மே மாதம் தென்மேல் பருவம், ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. வேரைக் காயவைக்கத் தோதானது ஜனவரி, பெப்ரவரிதான். எந்த மாதமானாலும் நாலு அங்குலம் கிண்டி ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். பெருவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். களிமண் பொம்மைபோலக் குழி மட்டும் விழுந்தால் அன்றைக்குச் சாரதியைத் திருப்பி அனுப்புவதே லாபம். ஈரத்தில் உழுதால் மேலே கட்டி, கீழே கலப்பை தேய்த்த இறுகல் படை. பிறகு தண்ணீர் இறங்காது.

உழுவதற்கு முந்தின நாள் அலவாங்குடன் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். தண்ணீர்க் குழாய், நிலத்தடி வயர், மண் மூடிப்போன பழைய மலசலகூடக் குழி, அடிக்கட்டைகள். குழியின் மூடிக்கு மேலே இயந்திரம் ஏறினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அப்புறம் நில அளவையாளர் நட்ட எல்லைக் கல். புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாது, கலப்பைத் தட்டு அதைக் கெல்லி எறிந்துவிடும். திரும்ப நடுவதற்கு முன் அயலவரோடு ஒரு வழக்கே தொடங்கிவிடலாம். ஒவ்வொரு கல்லுக்கும் சிவப்புத் துணி கட்டிய கம்பு ஒன்று நட்டுவிடுங்கள்.

இனி மட்டமடிப்பது. மேட்டைச் சுரண்டிப் பள்ளத்தில் போடுவதுதானே என்று பின்பிளேட்டை, அதாவது இயந்திரத்தின் பின்னால் பூட்டும் இரும்புத் தகட்டை, போட்டு இழுப்பார்கள். இந்தப் பக்கத்தில் பல இடங்களில் மேல்மண் ஒரு சாண்கூட இருக்காது, அதற்குக் கீழே கபொக் எனப்படும் செம்பூரான் மண். நிலத்துக்குள் இருக்கும்வரை அது வெட்டக்கூடிய பதத்தில் இருக்கும், வெளியே வந்து காய்ந்தால் கல். அதனால்தானே அதை அறுத்து வீடு கட்டினார்கள். மேட்டின் தலையைச் சீவி அதைத் திறந்துவிட்டால் அங்கே புல்கூட முளைக்காது. முதலில் மேல்மண்ணை வழித்து ஓரத்தில் குவித்துவிட்டு, அடிமண்ணை மட்டப்படுத்தி, பிறகு மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். பள்ளம் வயல்காணி என்றால் நினைத்தபடி மண் போட முடியாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும்.

பிளேட்டால் ஒரே திசையில் போய்வந்தால் இன்னொரு வினோதம் நடக்கும். முன்சில்லு மேட்டில் ஏறும்போது பின்னால் பிளேட் தாழ்ந்து தோண்டும், சில்லு இறங்கும்போது பிளேட் எழும்பி மண்ணை விட்டுவிடும். நாலு ஓட்டத்தில் தரை கடல் அலைபோல் ஆகிவிடும். சாரதி வேகம் கூட்டக் கூட்ட அலையும் பெருக்கும். மெதுவாக, ஒருமுறை நீளப்பாட்டில், ஒருமுறை மூலைக்கு மூலை ஓடச் சொல்லுங்கள். கடைசி ஓட்டத்துக்கு நீளமான தென்னங்குற்றியையோ இரும்பு உத்திரத்தையோ சங்கிலியில் கட்டி இழுப்பது எந்தப் பிளேட்டையும்விட நல்லது. சங்கிலியைப் பின்னால் இருக்கும் தாழ்ந்த இழுவைக் கட்டையில் மட்டும் மாட்டுங்கள். அச்சிலோ அதற்கு மேலேயோ மாட்டி, குற்றி எதிலாவது தடக்கினால், முன்சில்லு எழும்பி இயந்திரம் சாரதிக்கு மேலேயே கவிழும்.

கண்ணால் மட்டம் பார்க்காதீர்கள். மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும், உள்ளே தெரியும் நீளக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பத்தடிக்கு ஒரு முளை அடித்துக் குறியுங்கள். தட்டையாக வேண்டாம், வீடு இருந்தால் அதன் சுவரில் இருந்து வெளியே கானை நோக்கி, பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம் போதும்.

உழுத மண் பொங்கி நிற்கும். அன்றைக்கே மட்டமடித்தால் இரண்டு மழையில் அங்கங்கே அமர்ந்து குழி விழும். எனக்குக் காணியின் நடுவிலேயே ஒரு குளம் வந்தது, கூடவே நுளம்பு தேடும் பி.எச்.ஐ. மாரின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின்) வருகையும். இரண்டாம் தடவை மழைக்குப் பிறகு போய், தண்ணீர் தேங்கிய இடங்களில் ஈர்க்குச்சி குத்தி வைத்தேன். மண் காய்ந்ததும் தள்ளுவண்டியில் பதினொரு தரம் மண் கொண்டுபோய், மண்வெட்டியாலேயே நிரவி முடித்தேன்.