காற்றைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்

சுங்கை சிப்புட்டில் தோசைக்குக் காத்திருந்தபோது பக்கத்து மேசைத் தங்கை கேட்டாள்: "அக்கா, டூர் இல்லாம அந்த உலகக் கோடிக்கு எப்படிப் போனீங்க?" அவள் கேட்டது தென் அமெரிக்காவின் தென்கோடியைப் பற்றி. போனது பஸ்ஸில்தான். நானும் வீட்டுக்காரரும், ஆளுக்கொரு முதுகுப்பை, மூன்று வாரம். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வழி இது: அர்ஜென்டினாவின் உசுவாயாவில் தொடங்கி, சிலியின் புந்தா அரேனாஸ், புவெர்தோ நத்தாலேஸ், மறுபடி அர்ஜென்டினாவுக்குள் எல் கலஃபாத்தே, கடைசியாக எல் சல்தேன். முதல் பஸ் ஏறக்குறைய 12 மணி நேரம். மற்றவை 3 முதல் 6 மணிக்குள் முடிந்துவிடும். டிசம்பர், ஜனவரி அங்கே கோடைக்காலம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் காற்று பலமாக வீசுவதும் அப்போதுதான்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எனக்குக் காற்று என்றால் மழைக்கு முன் பால்மரம் சலசலப்பதுதான். அங்கே மேற்கிலிருந்து வருவதைத் தடுக்கப் பெரிய நிலமே இல்லை, கடல்மேல் ஓடி வந்து நேராக நம்மேல் மோதுகிறது. திடீர் வீச்சு மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுவதெல்லாம் அங்கே அபூர்வமில்லை. புந்தா அரேனாஸில் பலத்த காற்று நாட்களில் ஆட்கள் பிடித்து நடக்கத் தெருவில் கயிறு கட்டுவார்கள். குடை கொண்டு போகாதீர்கள். பைக்கு மேலே போடும் மழையுறையும் வேண்டாம். என்னுடையது இரண்டாம் நாளே பட்டம் போலப் பறந்துவிட்டது. பைக்கு உள்ளே தடித்த கறுப்புக் குப்பைப் பை ஒன்றை விரித்து அதற்குள் துணியை வையுங்கள், போதும்.

பஸ் எப்போது வரும் என்பதை அட்டவணை மட்டும் முடிவு செய்வதில்லை. உசுவாயாவிலிருந்து வரும் பஸ் மகெல்லன் நீரிணையைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். காற்று வலுத்தால் படகு நிற்கும். நாங்கள் கரையில் நான்கு மணி நேரம் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். அதனால் நீண்ட பஸ் பயணத்துக்கு மறுநாள் விமானமோ முன்பதிவு செய்த முகாமோ வைக்காதீர்கள். ஒரு நாள் சும்மா விடுங்கள்.

சிலி எல்லையில் பழம், இறைச்சி, பால், செடி எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் பொருள் மட்டும் போகும்; மறைத்து மாட்டிக்கொண்டால் அபராதம். மாமியார் கட்டிக்கொடுத்த கருவேப்பிலை அங்கேயே தொட்டிக்குள் போனது. முறுக்கு தப்பியது.

இன்னொன்று, அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், பஸ் கதவும் வலப்பக்கம். முதல் நாள் பழக்கதோஷத்தில் தவறான பக்கம் நின்று கை காட்டினோம்! எல் சல்தேன் போகும்போது இடப்பக்க இருக்கை கேளுங்கள், ஏரிகள் அந்தப் பக்கம்.

ஜோடியாகப் போவோருக்கு: பணத்தையும் மாற்றுத் துணியையும் இரு பைகளிலும் பாதி பாதியாகப் பிரியுங்கள். மலையேறும்போது காற்றில் கத்தினால் காது கேட்காது. பைவாரை இரண்டு முறை இழுத்தால் "திரும்பலாம்" என்று பேசி வைத்திருந்தோம். யார் இழுத்தாலும் வாதம் கிடையாது. லகூனா தே லோஸ் த்ரேஸ் ஏரிக்கு ஏறும் கடைசிச் செங்குத்தில் இவர்தான் இழுத்தார். எனக்குக் கோபம், ஆனாலும் இறங்கினேன். மறுநாள் விடியும் முன்பே கிளம்பினோம், காற்று அவ்வளவாக இல்லை. ஃபிட்ஸ் ராய் மலை முழுசாகத் தெரிந்தது.

அப்புறம் பிளக். நம் மலேசிய மூன்று சதுரக் கம்பி இரு நாட்டிலும் நுழையாது. சிலியில் உருண்டைக் கம்பி, அர்ஜென்டினாவில் சாய்ந்த தட்டைக் கம்பி. இரண்டு அடாப்டரும் ஈப்போவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். "ஒண்ணு போதும் புள்ள" என்றார் இவர். கலஃபாத்தேயில் கடை தேடி அலைந்ததும் இவர்தான்.