சாயங்கால அழுகைக்கு 5 நிமிடம்

மும்பை செம்பூரில் ஒரே அறை வீடு, அவர் லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு வந்து சேர எட்டரை ஆகிவிடும், பிள்ளையோ டாணென்று ஆறு மணிக்கு ஆரம்பித்துவிடுவாள். பால் கொடுத்தாச்சு, துணி மாற்றியாச்சு, தோளில் போட்டுத் தட்டியாச்சு, அப்படியும் நிற்கவில்லையா? தலையணை, போர்வை எதுவும் இல்லாத தொட்டில்கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, 5 நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். பாவமெல்லாம் இல்லை. ஆத்திரத்தில் குழந்தையை உலுக்கிவிடுவதுதான் ஆபத்து, மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். இந்த அழுகை பெரும்பாலும் பிறந்து 6 வார வாக்கில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாகவே குறையும். காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது என்றால் உடனே டாக்டர். நான் வாசலில் நின்று, கீழே வடாபாவ் கடையில் வடை எண்ணெயில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.