கொழும்பு ஈரக்காற்றில் 1/24 அளவு ரேஸ் கார் மாடலுக்குப் பெயின்ட் அடித்தல்

முதலில் மாடலின் பிளாஸ்டிக் மேற்கூட்டை (பொடி) பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. அச்சுக் கோடுகளை 1000 நம்பர் சாண்ட் பேப்பரை நனைத்துத் தேய்த்து எடுங்கள். புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைப் பேப்பரே போதும். பிறகு சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு). சிவப்புப் பிளாஸ்டிக்கில் நேரே வெள்ளை அடித்தால் இளஞ்சிவப்பாகக் கசியும்.

இங்கே பெரும்பாலும் கெடுவது ஸ்ப்ரே வேலைதான். லாக்கர் என்ற வேகமாகக் காயும் பெயின்டின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல் வெளிறுகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர மழைக்கு முன் ஸ்ப்ரே டின்னைத் தொடவே வேண்டாம். பெப்ரவரி முற்பகல் தோதானது. டின்னை வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் வையுங்கள், கொதிநீர் வெடிக்கவைக்கும். 20 சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிய பூச்சாக இரண்டு, பிறகு ஈரமாகப் பளபளக்கும் அளவுக்குச் சற்றுக் கனமாக ஒரு பூச்சு. வெளிறினால் சுரண்டாதீர்கள்: வெயில் நாளில் மெல்லியதாகப் பளபளப்புக் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

டெக்கலை (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) 15 விநாடி நீரில் நனைத்து, தாளில் தானாக வழுக்கும்வரை பொறுங்கள். காரில் நகர்த்தி ஒட்டியபின் ஏசி அறையில் ஓரிரவு காயட்டும். அதன்மேல் லாக்கர் கிளியரை ஒரேயடியாக ஊற்றினால் டெக்கல் சுருங்கும். முதல் இரண்டு பூச்சும் தூவலாகவே இருக்கட்டும். ஸ்பொன்சர் எழுத்துகள் கிழிந்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.