வீட்டு வரியோடு கட்டியாயிற்று, இந்த லீவில் நூலகத்துக்குப் போங்கள்

சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்ந்தே போகிறது, ரூபாய்க்கு 10 காசு. வரி 2,000 ரூபாய் என்றால் அதோடு 200 ரூபாய் நூலகத்துக்கு. வாடகை வீட்டுக்காரர்களும் தப்பவில்லை, வீட்டு ஓனர் அதை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார். இந்த வரிக்கு வழி செய்தது 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்த சட்டம், சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் போட்ட முதல் பொது நூலகச் சட்டம். பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பதால், பள்ளி லீவு விட்டதும் ஆயிரக்கணக்கில் கட்டி சம்மர் கேம்ப் தேடுவதற்கு முன்னால் உங்கள் ஊர் நூலகத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

முதலில் எந்த நூலகம் என்று முடிவு செய்யுங்கள். மாவட்டத் தலைநகரில் இருந்தால் மாவட்ட மைய நூலகம். மற்ற ஊர்களில் கிளை நூலகம், கிராமத்தில் ஊர்ப்புற நூலகம். சிறுவர் பிரிவு, போட்டித் தேர்வுப் பிரிவு, கணினி, ஜெராக்ஸ் எல்லாம் ஓரளவு முழுதாகக் கிடைப்பது மைய நூலகத்தில்தான், ஆனால் கிளை நூலகத்தில் நூலகர் உங்கள் பிள்ளையின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வார், அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, மதியமும் பூட்டியிருப்பார்கள். ஞாயிறு திறந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். நேரத்தை வாசல் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள், இணையத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

கோடை முகாம் விஷயத்துக்கு வருவோம், பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். மே மாதத்தில் பல நூலகங்களில் கதை சொல்லுதல், ஓவியம், காகித மடிப்பு, சதுரங்கம், கையெழுத்துப் பயிற்சி என்று ஏதாவது நடக்கும், பெரும்பாலும் காசு வாங்காமல். ஆனால் விளம்பரம் என்று ஒன்று இருக்காது. அறிவிப்புப் பலகையில் ஒரு ஏ4 தாள் ஒட்டுவார்கள், உள்ளூர் நாளிதழில் நாலு வரி வரும், அதுவும் சில சமயம் 'முகாம் நிறைவு விழா' என்றுதான் வரும். அதனால் தாளுக்குக் காத்திருக்காதீர்கள். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், அதையொட்டி ஒரு கூட்டமோ உறுப்பினர் சேர்க்கையோ நடக்க வாய்ப்பு உண்டு, அன்றைக்கே போய் நூலகரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த வருஷம் முகாம் உண்டா, எந்தத் தேதி, எத்தனை வயதுப் பிள்ளைகளுக்கு, கூட ஒருவர் இருக்க வேண்டுமா. வாசகர் வட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முகாமை உண்மையில் நடத்துவது பாதி இடங்களில் அவர்கள்தான், ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கியில் இருந்தவர் என்று நாலைந்து பேர்.

முகாம் இல்லை என்று சொன்னால்? உங்கள் தெருவிலேயே பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு காலை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை சிறுவர் பிரிவில் உட்கார்ந்து கதை படிக்கலாமா, ஒரு அம்மா கூட இருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். பெரிய திட்டமாகச் சொன்னால் 'மேலே கேட்க வேண்டும்' என்பார்கள், சின்னதாகக் கேட்டால் சரி என்பார்கள். அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை போகும், அதனால் மதிய வேளை வேண்டவே வேண்டாம், தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும்.

உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் கார்டு. விண்ணப்பம், ஆதார் நகல், திருப்பித் தரக்கூடிய ஒரு சின்னக் காப்புத்தொகை, வருஷச் சந்தா, அவ்வளவுதான், ஒரு குடும்பம் ஓட்டலில் டிபன் சாப்பிடும் செலவுகூட ஆகாது. லீவில் பிள்ளைகள் வேகமாகப் படித்து முடிப்பார்கள், ஆளுக்கொரு கார்டு எடுத்துவிடுங்கள். காப்புத்தொகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், இனி உறுப்பினராக இருக்க விரும்பவில்லை என்று எழுதிக் கொடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

அலமாரியில் நல்ல புத்தகமே இல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள். சிறுவர் புத்தகங்களைப் பூட்டிய பீரோவில் வைத்திருக்கும் நூலகங்கள் உண்டு, கிழித்துவிடுவார்கள் என்ற பயம், சாவியைக் கேட்டால் திறந்து விடுவார்கள். புதிதாக வந்த கட்டுகளும் பதிவேட்டில் ஏறி எண் போட்ட பிறகுதான் அலமாரிக்கு வரும், 'புது வரவு ஏதாவது இருக்கிறதா' என்று கேட்பவருக்கு முதலில் கிடைக்கும். அங்கே இல்லாத பழைய தமிழ்ப் புத்தகமும் இதழும் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள், இலவசம், போனிலேயே படிக்கலாம்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஃபேனுக்குக் கீழே உள்ள இடமும் பிளக் பாயிண்ட் பக்கத்து இடமும் ஒன்பது மணிக்கு மேல் கிடைக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் பாடப்புத்தகங்கள் அங்கேயே இருக்கும், சுமக்க வேண்டாம்.

வீட்டில் வெளியே வர முடியாத தாத்தா பாட்டி இருந்தால் 'நூலக நண்பர்கள்' திட்டம் உங்கள் ஊரில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குத் தன்னார்வலர்களே புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருவார்கள். லீவில் சும்மா இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் அதில் தன்னார்வலராகச் சேரலாம். புத்தகம் ஆளைத் தேடிப் போவது நமக்குப் புதிதும் இல்லை, 1931இலேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் ஓட்டியிருக்கிறார்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும் பரபரப்பில் எடுத்த புத்தகம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இரவல் காலம் ஏறக்குறைய இரண்டு வாரம், கடைசியாக எடுப்பதை மே மூன்றாம் வாரத்தோடு நிறுத்திக்கொண்டால் பள்ளி திறப்பதற்குள் எல்லாவற்றையும் திருப்பிவிடலாம். அப்படியே தாமதமானாலும் அபராதம் சில்லறைக் காசுதான், அதற்குப் பயந்து நூலகம் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள்.