சிறிய அரிசி ஆலையில் குழுவின் வேலையைச் சீராக்குவது எப்படி?

கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ ஆறேழு பேரை வைத்துப் புழுங்கல் அரிசி ஆலை நடத்துபவர், உற்பத்தி குறைந்தவுடன் ஆட்களைத்தான் முதலில் குறை சொல்வார். ஆனால் பெரும்பாலான ஆலைகளில் ஒருவர் முடித்த வேலை அடுத்தவர் கைக்கு மாறும் இடத்திலேயே நேரமும் நெல்லும் வீணாகின்றன. கீழுள்ள செய்முறை அந்த இடத்தையே கவனிக்கிறது. தையலகம், வெதுப்பகம் நடத்துவோரும் இதைத் தம் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: வேலையின் வழியை எழுதுங்கள். ஊறவைத்தல், அவித்தல், காயவைத்தல், உமி நீக்குதல், தீட்டுதல், சலித்தல், மூட்டை கட்டுதல் என ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எதிரே பொறுப்பானவரின் பெயரைக் குறியுங்கள். காலபோக (பெரும்போக) அறுவடை தொடங்குமுன் இதை முடித்துவிடுவது நல்லது.

படி 2: காத்திருப்பைக் கணக்கெடுங்கள். ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில், நெல் ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்த நேரத்தையும் வேலை தொடங்கிய நேரத்தையும் மட்டும் பதியுங்கள். யார் மெதுவாக வேலை செய்கிறார் என்று எழுதவேண்டாம். அப்படி எழுதத் தொடங்கினால் கொப்பியில் உண்மை நிற்காது.

படி 3: கைமாறும் இடத்துக்கு ஒரு விதி வையுங்கள். இதற்கே அதிக நேரம் செலவிடுங்கள். அவித்த நெல்லைப் பரப்ப ஆளில்லாமல் குவியலாக விட்டால், அது வேகமாகக் கெட்டு நிறமும் மணமும் மாறும். தளத்தில் பரப்பியபின் கிளறாமல் விட்டால், மேல்நெல் வெயிலில் வெடிக்க, அடிநெல் ஈரமாகவே இருக்கும். இரண்டும் கலந்து இயந்திரத்துக்குள் போகும்போது குறுணல் (உடைந்த அரிசி) கூடுகிறது. குறுணல் தெரிவது இயந்திரத்தடியில் என்பதால் ஏச்சு வாங்குபவர் இயந்திரக்காரர். காரணமோ காயவைத்த தளத்தில் இருக்கிறது. ஆகவே ஈரப்பதன் ஏறத்தாழ 14 வீதத்துக்கு இறங்கியதைக் காயவைப்பவரும் இயந்திரக்காரரும் சேர்ந்து ஈரமானியில் பார்த்து, இருவரும் கொப்பியில் ஒப்பமிட்ட பின்னரே நெல் உள்ளே போகவேண்டும். தளத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் நெல்லெடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு பிடி போதாது.

படி 4: காலையில் பத்து நிமிடம் பேசுங்கள். நேற்று எங்கே தடைப்பட்டது, இன்று எது முதலில் முடியவேண்டும், யாருக்குக் கைகொடுக்கவேண்டும் என்ற மூன்றும் போதும். முதலாளி கடைசியாகப் பேசவேண்டும். "அக்கா, தளத்தில நேற்று என்ன கரைச்சல்?" என்று நெல் கிளறுபவரிடம் முதலில் கேட்டால், மேற்பார்வையாளருக்குத் தெரியாத விடயங்கள் வெளிவரும்.

படி 5: ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆளைப் பழக்குங்கள். வன்னியில் ஆலைத் தொழிலாளர் பலருக்குச் சொந்த வயல் உண்டு. விதைப்புக்கும் அறுவடைக்கும் அவர்கள் வேலைக்கு வராமல் நிற்கத்தான் செய்வார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் அப்படியே. இந்த நாட்களை முன்னரே கேட்டு நாட்காட்டியில் குறித்துவிட்டால், கொதிகலனடியில் நிற்பதற்கு அன்று காலையில் ஆள் தேடவேண்டியிராது.

படி 6: கொடுப்பனவைச் சரிபாருங்கள். மூட்டைக் கணக்கில் மட்டும் கூலி கொடுத்தால் காயாத நெல்லும் அவசரமாக உள்ளே போகும். குறுணல் குறைந்தால் முழுக் குழுவுக்கும் ஊக்கத்தொகை கொடுப்பதே என் தெரிவு. மாதச் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதம் ஆகியவற்றை அடுத்த மாத முடிவுக்குள் கட்டிவிடுங்கள். சட்டப்படி கட்டவேண்டியதை இழுத்தடித்துக்கொண்டு ஊக்கத்தொகை பற்றிப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள்.

படி 7: மாதமொருமுறை கணக்கை ஒப்பிடுங்கள். சம்பாவைச் சம்பாவோடும் நாட்டரிசியை நாட்டரிசியோடும் மட்டுமே ஒப்பிட்டு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். மழை மாதத்தின் கணக்கை வெயில் மாதத்தோடு வைத்துப் பார்த்து எவரையும் குறைகூறவேண்டாம்.