சுறா வறைக்கு மீன் வாங்குகிறீர்களா?

முல்லைத்தீவில் கரையேறிய சுறா கிளிநொச்சி, வவுனியாச் சந்தைகளுக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். பாரை, விளைமீன் என்றால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்போம். சிவப்பாக இருந்தால் சரி, பழுப்பாக இருந்தால் வேண்டாம். சுறாவுக்கு அந்த மூடியே கிடையாது. பக்கவாட்டில் வெறும் பிளவுகள்தான், பெரும்பாலும் 5.

அதனால் மூக்கை நம்புங்கள். கடல்நீரின் உப்பைச் சமாளிக்கச் சுறாவும் திருக்கையும் தசையில் யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கும். செத்த பிறகு பாக்டீரியா அதை அமோனியாவாக மாற்றும். மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த மூத்திர வாடை இதுதான். நல்ல சுறாவில் கடல் வாசம் மட்டும் வரும். துண்டு போட்டு வைத்திருந்தால் கட்டாயம் முகர்ந்து பாருங்கள், வியாபாரி முறைத்தாலும் பரவாயில்லை.

வாங்கியதும் குடலை எடுத்து, இரத்தம் போகக் கழுவி, ஐஸில் வையுங்கள். லேசான வாடை என்றால் தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடலாம். அப்புறம் மஞ்சள், உப்புப் போட்டு அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தோலை உரித்து, சதையை நன்றாகப் பிழிந்து உதிர்க்க வேண்டும். முள் பயம் இல்லை, உள்ளே இருப்பது குருத்தெலும்புதான். கண்ணைக் கரிக்கும் அளவுக்கு நெடி அடித்தால் எந்தப் புளியும் உதவாது, கொட்டிவிடுங்கள்.