ஒரே குழம்பு, மூன்று சட்டி

எங்கள் வீட்டில் மாமி எந்த நாளும் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டார். என் கணவருக்கோ திருகோணமலைச் சந்தைப் பாரை மீன் இல்லாமல் இடியப்பம் இறங்காது. சின்னவளுக்கு உறைப்பு ஆகாது. முன்பெல்லாம் மூன்று கறி தனித்தனியாக வைத்துக் களைத்துப் போவேன். இப்போது அடிக்குழம்பு ஒன்றுதான்.

வெங்காயம், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, தக்காளியைக் கரைய வதக்கி, மஞ்சள், மல்லித்தூள், உப்பு போட்டு, கப்பிப்பால் (முதற்பால் எடுத்த பிறகு பிழியும் தண்ணியான தேங்காய்ப்பால்) விட்டு, உருளைக்கிழங்கை அதிலேயே அவிய விடுங்கள். மிளகாய்த்தூள் மட்டும் இப்போது வேண்டாம். கிழங்கு அவிந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். மீன் போடுவதற்கு முன்பே மாமியின் பங்கு வேறு சட்டிக்குப் போய்விட வேண்டும், அகப்பையும் வேறு. இதில் நான் கண்டிப்பு. அவர் நம்பிச் சாப்பிட வேண்டும் அல்லவா?

அப்புறம் உறைப்பு. மிளகாய்த்தூளைக் கடைசியில் அப்படியே தூவினால் பச்சை வாடை அடிக்கும். ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போட்டுக் கிளறுங்கள். சிவந்து மணம் வரும், கருக விடாதீர்கள். அதில் கொஞ்சம் மாமிக்கு, மிச்சம் மீன் சட்டிக்கு. மீனுக்குப் பழப்புளியும் விட்டுக் கொதித்த பிறகு துண்டுகளைப் போட்டால் பத்து நிமிடம் போதும்.

கெட்டியான முதற்பாலை மூன்றுக்கும் கடைசியில், மெல்லிய நெருப்பில் விடுங்கள். கொதித்தால் திரைந்துவிடும். சின்னவளின் சட்டிக்கு மட்டும் ஒரு கரண்டி கூட.